சிலிகான் எண்ணெயும் ஒரு விடுபட்ட பெயரும்



இந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். என் குரலில் தெரியும் பதற்றத்தை அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

‘விழித்திரை மருத்துவத்தில் புலம்பெயர்ந்த முன்னோடிகள்’ என்பது இந்த அமர்வின் தலைப்பு. பெல்ஜியத்துச் சார்ல்ஸ் ஸ்கெப்பன்ஸ் 1947இல் அமெரிக்கா போனதும், ஜெர்மனியின் ராபர்ட் மாக்கெமர் மயாமியில் 1970இல் விட்ரெக்டமியை, அதாவது கண்ணின் உட்கூழை வெட்டியெடுக்கும் அறுவையைத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். பாஸ்டனில் ஸ்கெப்பன்ஸிடம் பயின்று வந்த நம் பத்ரிநாத்தைப் பற்றிச் சென்னையில் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. நேரே என் வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

என் கட்சிக்காரர் பால் சிபிஸ். போருக்குப் பின் ஜெர்மன் விஞ்ஞானிகளை அமெரிக்க அரசு அள்ளிச்சென்ற ‘பேப்பர்கிளிப்’ திட்டத்தில் டெக்சாஸ் வந்தவர். அணுகுண்டின் ஒளி விழித்திரையை எப்படிச் சுடுகிறது என்பதைப் பற்றிய 1955ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. பிறகு செயின்ட் லூயிஸ். அங்கிருந்துதான் 1962இல் அவரும் சகாக்களும், விலகிய விழித்திரையை ஒட்டவைக்கத் திரவ சிலிகானைக் கண்ணுக்குள் செலுத்தியதை வெளியிட்டார்கள்.

விட்ரெக்டமிக் கருவி இல்லாத காலம் அது. ஊசிமுனையில் இறங்கும் கெட்டித் திரவத்தைக் கொண்டே, விழித்திரைமேல் படர்ந்த சவ்வை மெல்ல விலக்கினார் சிபிஸ். வெட்டவேண்டிய வேலையை எண்ணெயே பார்த்தது. சிபிஸ் 1965இல் இறந்துபோனார், அவர் எழுதிய புத்தகம் அதே ஆண்டு வந்தது.

அதன்பின் அமெரிக்கா அந்த எண்ணெயை ஒதுக்கியது. கண்புரை, கண் அழுத்தம் என்று காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் ஜான் ஸ்காட் விடாமல் தொடர்ந்தார். யுகோஸ்லாவியாவிலிருந்து நெதர்லாந்து போன ஷிவோய்னோவிச் ராட்டர்டாமில் அதை விட்ரெக்டமியோடு சேர்த்தார். அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்க 1994 ஆயிற்று.

முன்பொரு கருத்தரங்கில் நண்பர் ஒருவர், “சிபிஸ் வெறும் அடிக்குறிப்பு; அவர் முறை தனித்து நிற்கவில்லை” என்றார். அவர் புலமைக்குத் தலைவணங்குகிறேன், தீர்ப்புக்கு அல்ல. விழித்திரை அறுவையின் முன்னோடி ஜூல் கோனின் விழித்திரைக் கிழிசலைச் சூட்டுக்கோலால் அடைத்தார். அந்தச் சூட்டுக்கோலை இன்று யார் தொடுகிறோம்? கோனினை அடிக்குறிப்புக்கு அனுப்பிவிட்டோமா?

சிபிஸை அடிக்குறிப்பாக்கியதன் உண்மைக் காரணம் வேறு என்பது என் சந்தேகம். கெஸ்டபோவிடமிருந்து தப்பி, பிரெஞ்சு பாஸ்க் மலையில் பொய்ப்பெயரில் மர அறுவை ஆலை நடத்தி, பலரை ஸ்பெயினுக்குள் கடத்திவிட்ட ஸ்கெப்பன்ஸின் கதை மேடைக்கு ஏற்றது. தோற்ற நாட்டிலிருந்து ராணுவச் செலவில் வந்தவரின் கதை நெருடுகிறது. நெருடட்டும், அதையும் சேர்த்தே எழுதுவோம். கதை இனிக்கவில்லை என்பதற்காக அறுவை அரங்கில் செய்ததை அழிக்க நமக்கு என்ன உரிமை?

நம் வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கும் குரல்: “கண்ணுல ஆயில் போட்டிருக்காங்க டாக்டர், குப்புறவே படுக்கச் சொன்னாங்க, எப்ப எடுப்பீங்க?” அந்தக் கேள்வியின் வேர் செயின்ட் லூயிஸில் இருக்கிறது.

பிற்பகலில் கட்டுரை படிக்கவிருக்கும் இளம் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிலிகான் எண்ணெயின் வரலாற்றை ராட்டர்டாமில் தொடங்காதீர்கள். 1962 கட்டுரையின் நகல்களை வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். உணவு இடைவேளையில் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள்.