எபிசோட்: பெட்டி போச்சு, சாவி வந்துச்சு

பொதட்டூர்பேட்டையிலிருந்து பேசறேன். வெள்ளிக்கிழமை ஆனா நம்ம ஊர்ல ஒரு கேள்வி வரும்: "திருத்தணியில என்ன படம் ஓடுது? நகரியில என்ன?" ஒரே ஸ்கிரீன் இருக்கிற தியேட்டர்னா பதிலும் பெரும்பாலும் ஒரே படம்தான். அந்த ஒரு படம் எது, எப்ப ஓடணும்னு யார் கையில இருக்கு? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முன்னாடி படம் பெட்டியில வரும். ஒரு பிரிண்ட் போடவே அரை லட்சத்துக்கு மேல செலவு. அதனால பிரிண்ட் கம்மி. பெரிய ஊர்ல ஓடி, கீறல் விழுந்த பிறகுதான் நம்மள மாதிரி சி சென்டருக்கு வரும். 2000-களின் நடுவுல டிஜிட்டல் வந்தது. சென்னை ரியல் இமேஜ் கம்பெனியோட கியூப் அதுல முக்கியமானது. சென்னையில ரிலீஸ் ஆகுற அதே நாள்ல சின்ன ஊர்லயும் படம். இது நிஜமாவே பெரிய மாற்றம்.

ஆனா பெட்டி இருந்த இடத்துல இப்ப சாவி இருக்கு. படம் முன்கூட்டியே தியேட்டர் சர்வருக்கு வந்துடும், என்கிரிப்ட் ஆகி. திறக்க கேடிஎம்-னு ஒரு சின்ன ஃபைல் வேணும். நம்ம ஆபீஸ்ல பார்க்கிற பப்ளிக் கீ, பிரைவேட் கீ சமாச்சாரமேதான். அந்தச் சாவி அந்த ஒரு சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதி, நேரத்துக்குள்ள மட்டும் வேலை செய்யும். பக்கத்துத் தியேட்டர்ல போட்டா திறக்காது.

2025 மார்ச் 27 ஞாபகம் இருக்கா? 'வீர தீர சூரன்' காலைக் காட்சிகள் ரத்து. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துல. இங்க டிக்கெட்டோட நின்னவங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாங்க.

அடுத்தது காசு. டிஜிட்டல் கம்பெனிக்குத் தயாரிப்பாளர் தர்ற விபிஎஃப் கட்டணம். அதை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1-லிருந்து சுமார் ஏழு வாரம் புதுத் தமிழ்ப் படமே வரல. பெரிய படத்துக்கு அந்தக் கட்டணம் சில்லறை. சின்னப் படத்துக்கு ஒவ்வொரு ஸ்கிரீனும் பாரம்.

மல்டிபிளெக்ஸ்ல சின்னப் படத்துக்கு ஓரமா ஒரு ஸ்கிரீன் கிடைக்கும். ஒத்தை ஸ்கிரீன்ல பெரிய படம் வந்தா பெரும்பாலும் நாலு காட்சியும் அதுக்கே. சின்னப் படம் நல்லாயிருக்குன்னு நம்ம காதுக்கு வர்றதுக்குள்ள திங்கட்கிழமை ஆயிடும். அப்ப போஸ்டர் மாறியிருக்கும். நாலு வாரத்துல ஓடிடியில வரும்னு நாமளும் விட்டுடறோம். தியேட்டர்காரர் கணக்குல அது "இந்த ஊர்ல இந்த மாதிரிப் படம் ஓடாது"ன்னு பதிவாயிடும். அடுத்த சின்னப் படத்தை அவர் எடுக்கவே மாட்டார்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். பிடிச்ச சின்னப் படம் வந்தா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள போங்க. கவுன்டர்ல என்ன படம் ஓடுதுன்னு கேட்கிறதோட, எந்தப் படம் வேணும்னும் சொல்லிட்டு வாங்க. சாவி நம்ம கையில இல்ல. டிக்கெட் நம்ம கையிலதான் இருக்கு.