பாபுவும் பாபியும்

“கேளிக்கையிலே அரசியலைக் கலக்காதீர்!” என்று நாள்தோறும் உபதேசம் புரிவோர் உளர். நாடகம் எழுதுபவன் நான். ஒப்பனையைக் கலைக்கு முன்பே அந்த உபதேசம் என் செவியில் வந்து விழும். தோழர்களே, அவர்களுக்கு ஒரு காதற்படத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

‘பாபி’ என்பது படத்தின் பெயர். ராஜ்கபூர் 1973-இல் வெளியிட்டார். செல்வர் வீட்டுப் பிள்ளை, மீனவர் வீட்டுப் பெண். ஆடல் உண்டு, பாடல் உண்டு. கொடி கிடையாது, கட்சி கிடையாது.

1977 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. நெருக்கடி நிலையின் பிடி சற்றே தளர்ந்து, தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த வேளை. நான்கு நாட்களுக்கு முன்னர் அமைச்சரவையைத் துறந்து வெளியேறிய ஜெகஜீவன்ராம், ‘பாபுஜி’ என்று மக்கள் அழைத்த தலைவர், ஜெயப்பிரகாஷ் நாராயணனுடன் டில்லி ராம்லீலா மைதானத்திலே பேச இருந்தார். அன்று மாலை அரசாங்கத் தொலைக்காட்சி எதைக் காட்டிற்று? பாபியை! வீட்டுக் கூடத்திலே காதல் விருந்து இலவசமாகக் கிடைக்கையில், எவன் மைதானத்துக்குப் போவான்? இதுதான் கணக்கு. போனார்கள், தோழர்களே! மைதானம் நிரம்பி வழிந்தது. பாபு பாபியை வென்றார் என்று மறுநாள் ஏட்டிலே தலைப்பு வந்தது.

அந்தப் படத்திலே அரசியல் வசனம் ஒன்றேனும் உண்டா? தேட வேண்டா. அரசியல் இருந்தது, அதைக் காட்டிய நேரத்திலே!

காட்டியவர்கள் யார்? கதாநாயகியிடம் பிரதமரின் சாயல் தெரிகிறதென்று ‘ஆந்தி’யை 1975-இல் நிறுத்தியவர்கள். அரசு நிகழ்ச்சிக்கு வர இசையாத கிஷோர்குமாரின் குரலை 1976-இல் வானொலியிலே ஒலிக்கவிடாமற் செய்தவர்கள். பாடினால் குற்றமென்று கேள்விப்பட்டிருக்கிறோம். பாட மறுத்ததும் குற்றமாயிற்று! சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் பிறந்தது, அதே நெருக்கடியின் தொட்டிலிலேதான்.

இன்று அரசாங்கத்தின் ஒரே நிலையம் என்ற நிலை இல்லை. அலைவரிசைகள் ஆயிரம், கைபேசியிலோ கணக்கில்லை. ஆயினும் பழைய தந்திரம் சாகவில்லை. அது மாற்றாரிடம் மட்டுமே உள்ளதென்று இறுமாந்திட வேண்டாம். நம்மவர் கையிலே நிலையம் இருந்தால், அங்கேயும் இதே கேள்வியைக் கேளுங்கள், முகஞ்சுளிப்பார்கள், கேளுங்கள்.

உங்கள் தெருவிலே தாய்மார்கள் காலிக் குடத்தோடு நின்ற அந்த மாலையிலே திரையில் ஓடியது எது, ஓடாமற் போன செய்தி எது? இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த கிளைக்கூட்டத்துக்கு வாருங்கள்.