ஊசி போட்ட பின்பும் முகக்கவசம் ஏன்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கொரோனாத் தடுப்பூசி நம் மலைக்கு வந்த 2021ஆம் ஆண்டில், இரண்டு ஊசியும் போட்டுக்கொண்ட பலர் ஒரு கேள்வி கேட்டனர். "ஊசிதான் போட்டாயிற்றே, இன்னும் எதற்கு முகக்கவசம்?" கேள்வி நியாயமானதே. அதற்குப் பொறுமையாக விடை சொன்னவர்களைவிட, அதட்டி அனுப்பியவர்களே அதிகம் என்பது என் கருத்து.

நாய் கடித்தால் குன்னூர் பாஸ்டர் நிலையத்தை நினைப்பவர்கள் நாம். 1907ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஆயினும் வெறிநாய்க்கடிக்கு முதற்சிகிச்சை ஊசியன்று. கடிவாயைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுவதே. ஊசி இருக்கிறதே என்று எந்த மருத்துவரும் காயத்தைக் கழுவாமல் விடச் சொல்வதில்லை.

கொரோனாவிலும் முறை இதுதான். கையில் போடும் ஊசியின் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் இரத்தத்தில் உண்டாகிறது. கிருமியோ முதலில் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறுகிறது. அங்கே அந்த ஆற்றல் குறைவு. சில மாதங்களில் அதுவும் தணிந்துவிடும். எனவே ஊசி போட்டவர் கடும் நோயிலிருந்து தப்பினாலும், தாம் அறியாமலே சில நாள்கள் பிறருக்குக் கிருமியைக் கொடுக்கக்கூடும். இந்தியாவில் 2021 டிசம்பர் 2 அன்று முதன்முதலாக அறிவிக்கப்பட்ட ஒமிக்ரான் நோயாளிகள் இருவரில் ஒருவர் பெங்களூர் மருத்துவர். இரண்டு ஊசியும் போட்டவர். வெளிநாடு சென்று வராதவர்.

ஊசியால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இரண்டாம் அலையின்போது தமிழகக் காவல்துறையினரிடையே எடுத்த கணக்கை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தனர். இரண்டு ஊசியும் போட்ட 67,673 பேரில் இறந்தவர் 4 பேர். ஊசியின் பெருமை இதில் விளங்கும். ஆனால் அந்த நால்வரின் வீட்டாருக்கு இது வெறும் கணக்கன்று.

அதே 2021ஆம் ஆண்டு ஹஜ்ஜை எண்ணிப் பாருங்கள். சவூதியில் வசிப்போரில் ஊசி போட்ட 60,000 பேருக்கு மட்டுமே அனுமதி. அவர்களும் முகக்கவசம் அணிந்து, இடைவெளி விட்டே நின்றனர். ஹரம் ஷரீஃபில் தோளோடு தோள் சேர்ந்து தொழ அக்டோபர் 17 அன்று வழி பிறந்தபோதும் முகக்கவசம் நீக்கப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை முடித்துக்கொண்டது. கிருமி முடித்துக்கொள்ளவில்லை. எந்நேரமும் முகத்தை மூடித் திரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் கிளென்மார்கன் குளிரையும், ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளையும் கருதியே சொல்கிறேன். இழுப்பும் சர்க்கரை நோயும் உள்ள பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கின்றனர். திடகாத்திரமான பிள்ளைக்கு இரண்டு நாள் சளியாகப் போவது, அவர்களுக்கு உதகை ஆஸ்பத்திரிக் கட்டிலாக முடியலாம்.

இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் குணமாகும்வரை வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டும். மார்க்கச் சட்டத்தில் ஐயமிருப்பின் இமாம் அவர்களிடம் கேட்டுக்கொள்க. பனிக்காலத்தில் ஜன்னல்களை இறுக அடைப்பது நம் வழக்கம். தொழுகை நேரத்திலேனும் எதிரெதிர் ஜன்னல்களைச் சற்றுத் திறந்து வைப்போம். குளிர் தாங்காதவர்கள் கம்பளி போர்த்தி வரலாம். வுளூச் செய்யுமிடத்தில் சோப்பும், வாசலில் ஒரு பெட்டி முகக்கவசமும் வைக்க நிர்வாகத்தினர் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.