மிச்ச மாத்திரை வேண்டாம்
(ஆலய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நீர்க்கடுப்பை வெளியில் சொல்ல நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். என் துணைவியாரும் அப்படித்தான். லயத்து வீட்டுக் காலந்தொட்டே நம்மிடம் உப்பு, சீனி போல் மாத்திரையும் கைமாறும். பள்ளியில் சுகாதாரப் பாடம் நடத்திய நானே, அண்டை வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். எரிச்சல் தணிந்தது போலிருந்தது. பத்து நாளில் குளிர்காய்ச்சல், விலாவலி. சுங்கைப்பட்டாணியில் மருத்துவமனையில் சேர்த்தோம். கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. அந்த மாத்திரைக்கு அது அடங்காது என்று சிறுநீர்ப் பரிசோதனை காட்டியது. வேறு ஊசி மருந்தே காப்பாற்றியது.

இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது குடலில் வாழும் ஈ.கோலி கிருமி. மருந்துக்கு எளியவை மடியும், தாங்குபவை பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945லேயே இதை எச்சரித்தார். 2008இல், டில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில், கடைசி ஆயுதமான கார்பாபெனம் மருந்துகளையும் முறிக்கும் கிருமி காணப்பட்டது.

தாய்மார்களே, கூச்சம் வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் சொன்ன நாள்வரை மருந்து உண்ணுங்கள். அன்னத்தைப் பகிர்வோம், மாத்திரையைப் பகிர வேண்டாம்.