கை நடுக்கமும் மூளைக்குள் ஒரு மின்கம்பியும்

(லிங்கராஜபுரத்தில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் கூடும்போதெல்லாம் யாராவது ஒருவர் அரை மணி நேரம் பேச வேண்டும் என்பது வழக்கம். இந்தத் தடவை காரியதரிசி என்னைப் பிடித்துக்கொண்டார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகம், அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்கள். ஆகையால் கூட்டம் முடிந்ததும் யாரும் மருந்துச் சீட்டை என்னிடம் நீட்ட வேண்டாம்!

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடைய செக்கை அவருடைய வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. கையெழுத்து பொருந்தவில்லையாம். பழைய காகிதங்களை எடுத்துப் பார்த்தால், வருஷத்துக்கு வருஷம் அவர் எழுத்து சின்னதாகிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. நடையிலும் வேகம் குறைந்திருந்தது. காபி டம்ளரை எடுத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சும்மா மடியில் கிடக்கும் வலது கை மட்டும் ஆடும். வீட்டில் எல்லோரும் "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டார்கள். பிறகு நரம்பியல் டாக்டரிடம் போனபோது அது பார்க்கின்ஸன் நோய் என்று தெரிந்தது.

நடுக்கம் எல்லாமே பார்க்கின்ஸன் இல்லை. டம்ளரைத் தூக்கும்போதும் எழுதும்போதும் ஆடினால் அது வேறு வகையாக இருக்கலாம். பல குடும்பங்களில் அப்பா, பெரியப்பா என்று வம்சமாக வருவது அந்த வகை. பார்க்கின்ஸனில் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போதுதான் நடுக்கம் வரும். கூடவே உடம்பில் விறைப்பும் அசைவில் மந்தமும் இருக்கும். தைராய்டு அதிகமானாலும் கை நடுங்கும். இன்னொன்று, நம்மில் பல பேர் தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் 'சின்னரிசின்' மாத்திரை சாப்பிடுகிறோம். அதனாலேயே பார்க்கின்ஸன் மாதிரி அறிகுறிகள் வரலாம். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கும் செல்கள் நசிந்துபோவதுதான் முக்கியக் காரணம் என்று தெரிய மேலும் சுமார் நூற்று நாற்பது வருஷம் ஆயிற்று. 1960-களில் லெவோடோபா மருந்து வந்தது. நம் ஊர் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் இதே பொருள் இருக்கிறது. (அதற்காக விதையை வாங்கி அரைத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் சாப்பிட்டால் ஆபத்து.) முதல் சில வருஷங்கள் மருந்து அற்புதமாக வேலை செய்யும். பிறகு இரண்டு டோஸுக்கு நடுவிலேயே அதன் பலன் தீர்ந்து உடம்பு கட்டிப்போட்டது போல் ஆகிவிடும். பலன் இருக்கும் நேரத்திலோ கைகால்கள் தாமாக நெளிய ஆரம்பிக்கும். அறுவை சிகிச்சையைப் பற்றிய பேச்சு வருவது இந்தக் கட்டத்தில்தான்.

இந்த இடத்தில் நம்மவர்கள் "இதெல்லாம் ஃபாரின் டெக்னாலஜி" என்று சொல்வது வழக்கம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960-களிலேயே அவரும் டாக்டர்கள் பாலசுப்ரமணியம், கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோரும் ஸ்டீரியோடாக்ஸி என்ற முறையில் மூளையின் ஆழத்தில் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். தத்துவம் சுலபமானது. நாம் பள்ளிக்கூடத்தில் படித்த எக்ஸ், ஒய், இசட் அச்சுகள்தான். தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தி, போய்ச் சேர வேண்டிய இடத்தை மூன்று எண்களால் குறித்துக்கொண்டு, சின்ன துளை வழியாக ஊசி போன்ற கருவியை நேராக அந்தப் புள்ளிக்கு அனுப்புவது. இன்றைக்கு எம்.ஆர்.ஐ. படம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அன்றைக்கு சி.டி. ஸ்கேன்கூடக் கிடையாது; மூளையின் உள்ளறைகளை எக்ஸ்ரேயில் தெரிய வைத்து, அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். மில்லிமீட்டர் பிசகினால் போயிற்று. நம் பெங்களூரிலும் நிமான்ஸின் முதல் டைரக்டரான டாக்டர் ஆர்.எம். வர்மா, சட்டமே இல்லாமல் கன்னத்தின் வழியாக மண்டையோட்டின் அடியில் இருக்கும் இயற்கையான துவாரத்துக்குள் ஊசியைச் செலுத்தி பார்க்கின்ஸனுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு முறையை உருவாக்கினார்.

ஆனால் அந்த அறுவைகள் எல்லாவற்றிலும் ஒரு சங்கடம் இருந்தது. நடுக்கத்தை உண்டாக்கும் சின்ன இடத்தைப் பொசுக்கி அழித்துவிடுவார்கள். அழித்தது அழித்ததுதான், திரும்ப வராது. இரண்டு பக்கமும் செய்தால் பேச்சு குழறிப்போகும் அபாயம் உண்டு.

பொசுக்குவதற்கு முன் சரியான இடம்தானா என்று பார்க்க டாக்டர்கள் அங்கே கொஞ்சம் மின்சாரம் கொடுத்துச் சோதிப்பார்கள். பிரான்ஸில் கிரனோபிள் நகரத்து டாக்டர் அலிம் லூயி பெனாபிட் அப்படிச் சோதிக்கும்போது, விநாடிக்கு நூறு தடவை என்ற வேகத்தை எட்டியதும் நடுக்கம் சட்டென்று நின்றுவிடுவதைக் கவனித்தார். சோதிக்கும் மின்சாரமே நோயை அடக்குமானால் பொசுக்குவது எதற்கு? 1987-ல் அவர் இதை வெளியிட்டார். 1990-களில் பார்க்கின்ஸனுக்காக 'சப்தலாமிக் நியூக்ளியஸ்' என்ற, பட்டாணி அளவுள்ள இடத்தில் மின்முனை வைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்க அரசு 1997-ல் நடுக்கத்துக்கும் 2002-ல் பார்க்கின்ஸனுக்கும் இந்தச் சிகிச்சையை அனுமதித்தது. 2014-ல் பெனாபிடுக்கு லாஸ்கர் பரிசு கிடைத்தது.

டாக்டர் கனகா மூளைக்குள் நீண்ட நாள் தங்கும் மின்முனையைப் பொருத்தியது 1975-ல். இந்தியாவில் அதுதான் முதல் என்று பதிவாகியிருக்கிறது. அவர் 1932-ல் சென்னையில் பிறந்தவர். சீன யுத்தத்தின்போது ராணுவத்தில் பணியாற்றினார். 1968-ல் நரம்பியல் அறுவையில் மேற்பட்டம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவர். நூறு தடவைக்கு மேல் ரத்ததானம் செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு சொந்தப் பணத்தில் தாய் தந்தையர் பெயரால் ஒரு மருத்துவ அறக்கட்டளை வைத்து, வசதியில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 2018 நவம்பரில் காலமானார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைத்த சாமான்களை வைத்துக்கொண்டு அவர் செய்த காரியத்தை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? எந்தக் கிரிக்கெட்காரர் எத்தனை ரன் எடுத்தார் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது செய்யும் முறைக்கு வருகிறேன். மெல்லிய கம்பியை மூளைக்குள் வைத்து, தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாகக் கொண்டுவந்து, மார்பில் பதித்த பேட்டரியோடு இணைக்கிறார்கள். இதய பேஸ்மேக்கர் மாதிரிதான். பெரும்பாலும் நோயாளி விழித்திருப்பார். மூளைக்கு வலி தெரியாது. டாக்டர் கையை நீட்டச் சொல்வார், பேசச் சொல்வார், பலனை அங்கேயே பார்ப்பார். 2017-ல் இங்கிருந்து அதிக தூரமில்லாத வசந்தநகரில் ஓர் ஆஸ்பத்திரியில், விரல்கள் இழுத்துக்கொள்ளும் கோளாறுள்ள ஓர் இளைஞர் அறுவை மேஜையில் கிட்டார் வாசித்துக்கொண்டே இருந்தது பேப்பரில் வந்தது. அது பொசுக்கும் முறை. ஆனால் விழித்திருப்பது ஏன் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

யாருக்குப் பலிக்கும்? டாக்டர்கள் சொல்லும் பொது விதி, லெவோடோபா மாத்திரைக்கு எந்தெந்தத் தொந்தரவு குறைகிறதோ அதெல்லாம் இதிலும் குறையும் என்பது. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதில் அடங்குவதுண்டு. மறதி, மருந்து வேலை செய்யும்போதே தடுமாறி விழுவது, பேச்சுக் குறைவு, இவை சரியாகாது. ஞாபக சக்தி ஏற்கெனவே குறைந்தவர்களுக்குச் செய்யவே மாட்டார்கள். இது நோயைத் தீர்ப்பதும் இல்லை, வளராமல் நிறுத்துவதும் இல்லை. அதனால் "எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவது தப்புக் கணக்கு. 2013-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 251 நோயாளிகளைச் சேர்த்தார்கள். சராசரி வயது 52, நோய் வந்து ஏழரை வருஷம். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட அறுவையும் செய்துகொண்டவர்களின் அன்றாட வாழ்க்கை நன்றாக இருந்தது. ரத்தக்கசிவு, தொற்று போன்ற அபாயங்களும் உண்டு, அவை சிறிய விகிதம்தான் என்றாலும். கருவி மட்டுமே பல லட்சம் ஆகும். சாதாரண பேட்டரியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், சார்ஜ் செய்யும் வகை அதிக காலம் வரும். செலவைக் கேட்கும்போது இந்த இரண்டாவது செலவையும் சேர்த்துக் கேளுங்கள். மெடிக்ளெய்ம் எவ்வளவு தரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைல் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன், வாய்வார்த்தை உதவாது.

கருவி வைத்தவுடன் வேலை முடிவதில்லை. மின்சாரத்தின் அளவைப் பல மாதங்கள் திருத்திக்கொண்டே வர வேண்டும். ஆகவே, அடிக்கடி போய்வரக்கூடிய ஊரில் செய்துகொள்வது நல்லது. பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான் என்பதற்காக அங்கே செய்துகொண்டு திரும்பினால், இங்கே அதே கருவியைத் திருத்தத் தெரிந்த டாக்டர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். மூளையின் அலைகளைக் கவனித்துத் தானாகவே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கும் 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

இன்னொரு விஷயம். இந்தக் கருவி வைத்துக்கொண்டவர்கள் முழங்கால் வலிக்கு பிசியோதெரபிக்குப் போனால், சூடு கொடுக்கும் 'டயதெர்மி' மிஷினைக் கிட்டேயே வரவிடக் கூடாது. அந்தச் சக்தி கம்பி வழியாக மூளைக்குப் போய்ப் பெரிய சேதம் செய்துவிடும். கருவியின் அடையாள அட்டையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பும், பல் டாக்டரிடம் உட்காருவதற்கு முன்பும் அதைக் காட்ட வேண்டும்.