கையெழுத்துக்கு முன்னால் சர்வே எண்

(குத்தம்பாக்கம் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்ம குழுக் கணக்குல பத்து ரூபாய் இடிச்சாக்கூட, ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சரி பண்ணிட்டுத்தான் எழுந்திருப்போம். ஆனா கடன் வாங்கி, நகையை வச்சு ஒரு மனை வாங்கும்போது மட்டும், தரகர் காட்டுற ஜெராக்ஸை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடறோம். பெங்களூரு நெடுஞ்சாலையில் புதுப் பேருந்து நிலையம் நம்ம ஊருக்குன்னு ஆன பிறகு, மனை பேசறவங்க அதிகமாயிட்டாங்க. அதனால அரசாங்கத்தோட கணக்குப் புத்தகத்தை நாமே பார்க்கப் பழகணும்.

முதல்ல கேட்க வேண்டியது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும். மனை எண் மட்டும் போதாது. அது மனை பிரிச்சவர் போட்ட எண். சர்வே எண் தர யோசிக்கிறவர்கிட்ட மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

எண் கிடைச்சதும் மூணு புத்தகம் பார்க்கணும்.

ஒன்று, பட்டா. வருவாய்த் துறையின் இணையதளத்தில் திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம், குத்தம்பாக்கம் என்று தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணைப் போட்டால் யார் பேரில் பட்டா இருக்குன்னு தெரியும். நாலு பேர் இருந்தா அது கூட்டுப் பட்டா. அதில் ஒருத்தர் மட்டும் வந்து முழு நிலத்தையும் விற்கிறேன்னா, மற்ற மூணு பேர் எங்கேன்னு கேளுங்க.

இரண்டு, 'அ' பதிவேடு. அதே தளத்தில்தான் இருக்கு. நிலம் ரயத்துவாரியா, புறம்போக்கா, நீர்நிலையா என்பதை இது சொல்லும். ஏரிப் புறம்போக்குன்னு இருந்தா, எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்று, வில்லங்கம். இது பதிவுத் துறையின் தளத்தில் இருக்கு, இலவசமாகவே பார்க்கலாம். யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் இருக்கு, பவர் யாருக்குக் கொடுத்தாங்க என்பதெல்லாம் வரிசையா வரும். குறைஞ்சது முப்பது வருஷத்துக்குப் பாருங்க.

ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. பட்டா வருவாய்க் கணக்கு. அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. வில்லங்கத்திலோ பதிவானது மட்டும்தான் வரும். பதிவு செய்யாத உயில், வாய்ப் பேச்சா நடந்த பாகம் இதெல்லாம் வராது. அதனால மூணையும் ஒப்பிட்டு, மூலப் பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டி, நிலத்தை நேர்ல போய்ப் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரரிடமும் விசாரிக்கணும்.

இதெல்லாம் வாங்கப் போறவங்களுக்குத்தான்னு நினைக்காதீங்க. நீங்க குடியிருக்கிற வீட்டு மனையையும் பாருங்க. வீட்டுக்காரர் இறந்து பல வருஷம் ஆகியும், பட்டா இன்னும் மாமனார் பேர்லயே இருக்கிற வீடுகள் உண்டு. வாரிசுச் சான்று வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனு கொடுங்க. தள்ளிப் போடப் போட வாரிசும் பெருகும், சிக்கலும் பெருகும்.

பிறந்த வீட்டுச் சொத்தும் அப்படித்தான். இந்து குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்குன்னு தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு இருந்த தடையும் 2005 மத்தியத் திருத்தத்துக்குப் பிறகு நீங்கிடுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20-ஆம் தேதிக்கு முன்பே முறையா பாகம் ஆனதை, விற்றதை அது மாற்றாது. சட்டம் கொடுத்த பங்கை நாம ஒரு கையெழுத்தில் விட்டுடறோம். "பட்டா மாத்தத்தான்மா, ஒரு கையெழுத்துப் போடு" என்று அண்ணனே கூப்பிட்டாலும், அது விடுதலைப் பத்திரமான்னு படிச்சுப் பாருங்க. விட்டுக் கொடுக்கிறது உங்க விருப்பம். தெரியாம விட்டுக் கொடுக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் வீட்டு சர்வே எண்ணை எழுதி எடுத்துட்டு வாங்க. செல்போன் பார்க்கத் தெரிஞ்ச நம்ம பொண்ணுங்க உதவட்டும். யார் பேர்ல இருக்குன்னு பார்ப்போம். மனைக்குன்னு குழுவில் கடன் கேட்டால், மூணு புத்தகமும் பார்த்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் கொடுப்போம் என்று இன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுவோம்.