வெளிநாட்டில் முதல் ஒரு மணி நேரம்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சாங்கி விமான நிலையத்தில் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். வெளிநாட்டில் போய் இறங்கியதும் மனத்தில் முதலில் பதிவது எது என்பது இன்றைய கேள்வி. கடல் என்பார்கள், குளிர் என்பார்கள், ஆளில்லாத அகலச் சாலைகள் என்பார்கள். இவையெல்லாம் விமான நிலையக் கதவுக்கு வெளியே இருப்பவை. கதவுக்கு உள்ளே, பெட்டியும் பையுமாக வரிசையில் நிற்கிற ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை யாரும் சொல்வதில்லை.

தெம்பனிசில் வசிக்கும் ஒரு குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனது. அப்பா, அம்மா, பதினோரு வயது மகன், அப்பாவின் தாயார். பெர்த்துக்கு ஐந்து மணி நேரப் பயணம். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலைகூடக் கிடையாது, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். அக்கம்பக்கத்து ஊருக்குப் போவதுபோலத்தான் பாட்டியும் கிளம்பினார். ஒரு கிலோ பொன்னி அரிசி, ரசத்துக்குக் கொத்தமல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய், ஈரத் துணியில் சுற்றிய கறிவேப்பிலை, எலுமிச்சை ஊறுகாய், பேரனுக்கு முறுக்கு. பத்து நாள் ரொட்டியைத் தின்றுகொண்டு யார் இருப்பது?

விமானத்தில் பயணி அட்டையைக் கொடுத்தார்கள். உணவுப் பொருள் இருக்கிறதா, விதை இருக்கிறதா, செடி கொடி இருக்கிறதா, காலணியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாம் ஆங்கிலத்தில். அப்பா நான்கு அட்டைகளையும் வாங்கி, 'இல்லை' 'இல்லை' என்று மளமளவெனக் குறித்தார். தாயாரின் அட்டையை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, பாட்டியும் கேட்கவில்லை. நம் குடும்பங்களில் இது புதிதா என்ன? மருத்துவமனை, வங்கி, வீவக அலுவலகம், எங்கே போனாலும் பெரியவர்களின் தாளைப் பிள்ளைகள்தான் நிரப்புகிறார்கள். வேகமாக வேலை முடிகிறது. தாளில் இருப்பதைப் படித்துக் காட்டத்தான் யாருக்கும் நேரமில்லை.

குடிநுழைவைத் தாண்டிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது ஒரு லாப்ரடார் நாய் பைகளை மோந்துகொண்டே வந்தது. "இது என்னடா தேடுது?" என்று பாட்டி பேரனைக் கேட்டார். பள்ளிப் பிள்ளைக்கு மறைக்கத் தெரியுமா? சாப்பாட்டுப் பொருளை எழுதிக் கொடுக்காமல் கொண்டுவருகிறவர்களைத் தேடுகிறது என்றான்.

"அப்ப நம்ம அரிசியை எழுதிக் குடுத்தாச்சா?"

"சும்மா இருங்கம்மா. கேட்டால் பார்த்துக்கலாம்" என்று மகன் குரலைத் தாழ்த்தினார்.

"கையெழுத்துப் போட்டது நான்ல?"

இந்த இடத்தில் அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் துப்புரவு வேலை செய்தவர். சம்பளப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தே பழகியவர். நாற்பது வயதுக்குமேல், மகன் பள்ளிக்கூடத்தில் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் நின்ற அதே மகன். மருமகளும் "அத்தை சொல்றது சரிங்க, மாத்திடுங்க" என்றார். அட்டையை அதிகாரியிடம் கொடுக்கும்வரை திருத்தலாம். அப்பா பேனாவை எடுத்து 'ஆம்' என்று குறித்தார். வரிசை மாறிப் போய், பாட்டியே மூட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

ஒரு கைப்பிடி மல்லிக்கு இத்தனை கெடுபிடியா என்று கேட்கத் தோன்றும். அந்த நாடு பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். 1859ல் விக்டோரியாவில் ஒரு நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஒன்றிரண்டு டஜன் முயல்கள் பெருகி, கண்டம் முழுவதும் புல்லை மேய்ந்தன. மேற்கு ஆஸ்திரேலியா 1901ல் தொடங்கி 1907 வரை முயல்தடுப்பு வேலி கட்டியது. முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல். கட்டி முடிப்பதற்குள் முயல்கள் வேலியைத் தாண்டிவிட்டன. 1935ல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த தேரை வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றது. தேனீயைக் கொல்லும் வரோவா உண்ணி 2022ல் நியூகாசல் துறைமுகத்தில் தென்பட்டது. அடியோடு அழிக்க முடியாது என்று 2023ல் கைவிட்டார்கள்.

நம் சமையலறைக்கு நெருக்கமானது காப்ரா வண்டு. இந்தியாவைச் சேர்ந்தது. அரிசி, பயறு, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாவற்றிலும் இருக்கும். அதன் புழு தீனியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிழைத்துக் கிடக்கும். கோதுமை ஏற்றுமதியை நம்பியிருக்கும் ஒரு மாநிலத்தின் தானியக் கிடங்கில் அது புகுந்தால் என்ன ஆகும்? பாட்டியின் பையில் இருந்தவற்றில் பாதிக்குமேல் அந்த வண்டு இருக்கக்கூடிய சரக்குதான். 1992 முதல் சூயிங்கம் இறக்குமதியைத் தடுத்து வைத்திருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் புரியாமல் போகாது.

எழுதிக் கொடுத்துவிட்டால் பொருள் போகலாம், அபராதம் கிடையாது. மறைத்தால் ஆயிரக்கணக்கான வெள்ளி அபராதம். 2019 முதல் சுற்றுலா விசாவையே ரத்து செய்து திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. இது தெரியாமல் 'இல்லை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. தெரிந்தே எழுதுகிறவர்களும் உண்டு.

அதிகாரி அரிசி, மல்லி, சீரகம், மிளகாய், கறிவேப்பிலை ஐந்தையும் எடுத்து ஒரு தொட்டியில் போட்டார். ஊறுகாயையும் முறுக்கையும் திருப்பிக் கொடுத்துப் பாட்டிக்கு நன்றி சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா பேசாமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளியே வந்தபோது மணி ஆறுகூட ஆகவில்லை, நன்றாக இருட்டிவிட்டது. வாயைத் திறந்தால் புகை. "ஒரே நேரம்னு சொன்னியே" என்றார் பாட்டி. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அங்கே ஜூன் மாதம் குளிர்காலம். தவிரவும், சிங்கப்பூர் 1982ல் அரை மணி நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டதால் இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் மறைகிறது. பேரனுக்கு அது தெரிந்திருந்தது, நடந்துகொண்டே விளக்கினான்.

தங்கும் விடுதிக்குப் போகும் வழியில் ஓர் இந்திய மளிகைக் கடை தெரிந்தது. அப்பாவே வண்டியை நிறுத்தினார். பொன்னி அரிசி இருந்தது. முறைப்படி இறக்குமதியான மல்லியும் சீரகமும் மிளகாயும் இருந்தன. பாட்டி மல்லிப் பொட்டலத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"இங்கேயே இருக்கே. இதுக்கா நான் அங்கிருந்து தூக்கிட்டு வந்தேன்? இனிமே என்ன தாள்னாலும் படிச்சுச் சொல்லிட்டுக் கையெழுத்து வாங்கு."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, அப்பா பணப்பையை எடுத்தார்.